திருவிழா மாத்திரை

ரிங்லெட்
12.1.2025

உமா,

உறையைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் போகவில்லை. உன் அக்கா குமுதாதான் எழுதுகிறேன்.

தீபாவளியன்று "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று உன்னைத் துரத்தியது நான்தான். அதே கையால் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீயும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் மாமியார் வீட்டு ஆட்கள் முறுக்குத் தின்றுகொண்டிருக்கும்போதா, "நெஞ்சில கட்டின்னு தெரிஞ்சே எட்டு மாசம் மூடி வச்சா இவ" என்று கத்துவது? அதற்கப்புறம் ஒரு வாரம் அவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. கண்ணெல்லாம் என் ரவிக்கைமேல்தான்.

போனில் பேசலாம்தான். வீட்டுப் போன் காதில் வைத்தால் கேட்பதில்லை, ஸ்பீக்கரில்தான் பேசுகிறது. நீ ஹலோ சொன்னால் இந்த லயத்து வரிசையில் நாலு வீடு பதில் சொல்லும். ரூபன் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறான். என் தலையில் முடி முளைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போகிற பிள்ளை, அப்படியே நினைக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈப்போ டாக்டர் என் நோய் ஹார்மோன் சம்பந்தப்பட்டது என்கிறார். தினமும் ஒரு வெள்ளை மாத்திரை, ஐந்து வருஷத்துக்குக் குறையாமல். அவர் மலாயில் விளக்கினார், நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பினாங்கு ஆராய்ச்சிக்கூடத்தில் நீ இதைத்தானே நோண்டிக்கொண்டிருக்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

ஏப்ரல் இருபது நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. போன வருஷம் அந்த வாரம்தான் அறுத்துப் போட்டார்கள். பிழைத்து வந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டே வேண்டினேன். இந்தத் தடவை எடுத்தே ஆகவேண்டும்.

தோட்டத்து ஆபீஸ் முகவரிக்குப் போடு. அங்கே கணக்கு எழுதும் கிராணி என் கையில் கொடுத்துவிடுவார்.

குமுதா


பினாங்கு
19.1.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஆய்வகத்தின் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். தீபாவளியன்று நான் பேசியது தப்பு. மன்னித்துக்கொள்.

ஹார்மோன் என்பது உடம்பு தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் சேதி. பெண்ணுக்கு முக்கியமாக இரண்டு. மாதாமாதம் தூரம் வருவதும் நிற்பதும் அந்த இரண்டும் பேசுவதால்தான். உன் கட்டியின் செல்களுக்கு அந்த இரண்டையும் கேட்கும் காது இருக்கிறது. கேட்டால் வளரும். வெள்ளை மாத்திரை ஒரு காதைப் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாள்கூட விடாதே.

என் வேலையைக் கேட்டாய். விரல் நுனி அளவுக்கு ஒரு கிண்ணம். அதன் அடியில் பொடிப்பொடி ஓட்டை போட்ட சவ்வு, அதன்மேல் ஜெல்லி மாதிரி ஒரு பூச்சு. அதில் புற்றுச் செல்களை விட்டு ஹார்மோனைக் கலப்பேன். மறுநாள் எத்தனை செல்கள் ஜெல்லியைக் கரைத்து, ஓட்டைக்குள் உடம்பைக் குறுக்கி, அடிப்பக்கம் இறங்கியிருக்கின்றன என்று ஊதாச் சாயம் போட்டு எண்ணுவேன். ஹார்மோன் கலக்காத கிண்ணத்தில் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். கலந்ததில் நிறைய. ஒரு செல் இருந்த இடத்திலேயே பெருப்பது வேறு, இடத்தை விட்டுக் கிளம்புவது வேறு. கிளம்புவதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். ஆளைக் கொல்வதும் அதுதான்.

இப்படி எழுதியிருக்கக் கூடாது. உனக்கு அறுத்து எடுத்தாயிற்று. நீ பயப்படாதே.

இதற்குக் கீழே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். அதைக் கண்டுகொள்ளாதே.

உமாதேவி


ரிங்லெட்
9.2.2025

உமா,

ஆளைக் கொல்வது என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பயப்படாதே என்கிறாய். உன்னை யார் படிக்க வைத்தது?

காது சமாச்சாரம் நன்றாகப் புரிந்தது. உன் அத்தானிடமும் சொன்னேன். "காதை அடைக்கிற மாத்திரையா? ஒன் மாமியாருக்கு ரெண்டு வாங்கிப் போடலாமே லா" என்றார். லாரி ஓட்டுகிற மனுஷனுக்கு வேறென்ன தோன்றும்.

வெள்ளை மாத்திரை படுத்துகிறது. பனி இறங்கி ஊரே ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடக்கும்போது நான் மட்டும் வேர்த்துக்கொட்டி முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்கிறேன். அக்குளில் நெறிக்கட்டியை எடுத்த பக்கம் கை வீங்கிவிட்டது. கொழுந்து வெட்டும் கத்திரியைப் பிடிக்கக் கூடாதாம். மேனேஜர் நல்லவர், டூரிஸ்டுகளுக்குத் தேத்தண்ணி ஊற்றும் கடைக்கு மாற்றிவிட்டார். தூரம் எப்போது வரும் எப்போது போகும் என்று கணக்கே இல்லை. ஒரு மாதம் வரவே இல்லை, அடுத்த மாதம் இரண்டு தடவை.

கோயில் தலைவர் சாமிநாதன் வந்திருந்தார். "குமுதா, மொதக் கொடம் ஒன்னோடதுதான். எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய்க்காரி என்று என்னைத் தொட்டுப் பேசக்கூடத் தயங்குகிற லயத்தில் முதல் குடம் எனக்கு.

அடித்த வரியை நீ சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டேன். திருவிழாவுக்கு வரட்டுமா என்று கேட்க வெட்கம், அவ்வளவுதானே? வாசப்படி மிதிக்காதே என்று சொன்னவள் சொல்கிறேன், வா. நீ பக்கத்தில் நடந்தால் எனக்குக் கால் தள்ளாடாது.

குமுதா


பினாங்கு
6.4.2025

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

திருவிழாவுக்கு வர முடியாது. ஒரு சோதனையைத் தொடங்கிவிட்டோம், நடுவில் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாத வேலை வீண். இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும், அது எழுத்தில் வரமாட்டேன் என்கிறது. மே மாதம் நேரில் வந்து சொல்கிறேன்.

அதுவரை டாக்டர் கொடுத்ததைத் தவிர வேறு மருந்து எதையும் வாயில் வைக்காதே. இதை மட்டும் எனக்காகச் செய். நாட்டு மருந்துகூட வேண்டாம்.

பத்திரமாக நட. குடத்தில் பாலைக் குறைத்து ஊற்றச் சொல்.

உமாதேவி


ரிங்லெட்
27.4.2025

உமா,

எடுத்துவிட்டேன்!

பிள்ளையார் கோயிலிலிருந்து அம்மன் கோயில்வரை, தேயிலைச் சரிவு வழியாக, செருப்பில்லாமல், மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு. முப்பத்தொரு குடம், முதலாவது என்னுடையது. வீங்கின கையைத் தூக்க முடியாமல் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். உன் அத்தான் முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். ரூபன் வீடியோ எடுக்கிறேன் என்று பின்பக்கமாகவே நடந்து, பக்கத்து வீட்டு வேலாயி அக்காவின்மேல் இடித்துத் திட்டு வாங்கினான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, தலையிலிருந்து கால்வரை நனைந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான்.

நீ வராதது குறைதான். ஆனால் நீ வராமலே என்னைக் காப்பாற்றினாய் தெரியுமா? தூரம் எப்போது வருமென்று தெரியாமல் பங்குனி முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. கோயில் வாசலில் நிற்கும்போது வந்து தொலைத்தால் முதல் குடம் என்ன ஆவது, லயம் என்ன பேசும்? அப்போதுதான் ஞாபகம் வந்தது, நீ அனுப்பிய, தூரத்தைத் தள்ளிப்போடும் மாத்திரை. போன வருஷத்துப் பெட்டி பிரிக்காமல் அப்படியே பூஜைச் சாமான்களோடு இருந்தது. நாள் தெரியாததால் முன்கூட்டியே ஆரம்பித்தேன், பதினெட்டு நாள். ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை உடம்புக்குச் சூடு என்று, அந்தப் பதினெட்டு நாளும் வெள்ளை மாத்திரையை நிறுத்திவைத்தேன். மறுபடி ஆரம்பித்துவிட்டேன், திட்டாதே.

நிறுத்தியிருந்த நாட்களில் அந்த வேர்வையும் இல்லை. பழைய குமுதா மாதிரி இருந்தது.

மே மாதம் வருகிறேன் என்றாயே, எப்போது?

குமுதா


பினாங்கு
30.4.2025

அக்கா,

கடிதம் வந்ததும் போன் செய்தேன். ரூபன் எடுத்தான். "சொல்லுங்க சித்தி, ஸ்பீக்கர்லதான் இருக்கு" என்றான். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது, நீதான் என்று நினைக்கிறேன். பசியாறியாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தப் பெட்டியை எறிந்துவிடு. மிச்சம் ஒரு மாத்திரைகூட வீட்டில் இருக்கக் கூடாது. நாளைக்கே ஈப்போவுக்குப் போய் டாக்டரிடம் பதினெட்டு நாள் கதையைச் சொல்லு. அட்டையில் இருக்கிற பெயரை எழுதிக்கொண்டு போ.

நான் ஜனவரியில் அடித்த மூன்று வரி இதுதான்: 'அக்கா, திருவிழாவுக்குத் தள்ளிப்போடும் மாத்திரையைச் சாப்பிடாதே. அதுவும் ஹார்மோன்தான். உன் நோய்க்கு அது ஆகாது.'

எழுதினேன். திரும்பப் படித்தேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தானா ராத்தா மருந்துக்கடையில் விடுமுறை வேலை பார்த்தபோது, முதல் அட்டையை உன் கையில் வைத்தது நான். "மூணு நாளைக்கு முன்னாடி ஆரம்பிச்சிரு அக்கா, சாமி காரியம் கெடாது" என்று நான்தான் சொன்னேன். அதற்கப்புறம் வருஷா வருஷம் தபாலில் அனுப்பினேன். இதைச் சாப்பிடாதே என்று எழுதினால், இத்தனை வருஷம் கொடுத்தாயே என்று நீ கேட்பாய். அதற்குப் பயந்துதான் அடித்தேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏப்ரலில் 'வேறு மருந்து சாப்பிடாதே' என்று எழுதி, என் கடமை முடிந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளை மாத்திரை ஒரு காதைத்தான் அடைக்கும் என்று எழுதியிருந்தேனே. திருவிழா மாத்திரை மறுகாதில் பேசுகிற ஜாதி. நான் கிண்ணத்தில் கலப்பதும் அதே ஜாதி மருந்துதான். தினமும் என் கையாலேயே கலக்கிறேன், தினமும் அவை இறங்குகின்றன. இன்று எண்ண உட்கார்ந்தேன். முடியவில்லை.

உமா


ரிங்லெட்
22.6.2025

உமா,

உன் கடிதம் வந்து ஐம்பது நாள் ஆகிறது. வேண்டுமென்றுதான் பதில் போடவில்லை. மே மாதம் வருகிறேன் என்று அத்தானுக்குச் சேதி அனுப்பினாயாம். வேண்டாம் என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

மே மாதக் கடைசியில் இடுப்பு வலி ஆரம்பித்தது. குடம் தூக்கியது என்று நினைத்தேன். தேத்தண்ணிக் கடையில் நிற்க முடியாமல் சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து ஊற்றினேன். ஈப்போவில் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பெலும்பில், முதுகெலும்பில், ஈரலில். டாக்டர் படத்தைக் காட்டினார். உன் அத்தான் படத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு நாளையும் சொன்னேன். முன்பே கேட்டிருந்தார்கள் உமா, முதல் நாளே நர்ஸ் மிஸ்ஸி கேட்டாள், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. இல்லை என்றேன். நீ ஏப்ரலில் எழுதியபோதும் எனக்குத் தோன்றவில்லை. அது மருந்து என்று யாருக்குத் தோன்றும்? மஞ்சள், கற்பூரம், குடம், மாத்திரை. எல்லாம் திருவிழாச் சாமான். வருஷம் ஒருதரம் ஒரே டப்பாவிலிருந்து எடுக்கிறோம், ஒரே டப்பாவில் வைக்கிறோம்.

நீ மாத்திரை கொடுத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும். கேட்டதும் நான்தானே. ஆனால் தெரிந்த பிறகு அடித்தாயே, அதற்குத்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை. அந்தக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறாய். எட்டு மாசம் கட்டியை மறைத்ததற்கு என்னை ஊர் முன்னால் கேட்டாயே, நீ மறைத்ததை நான் யார் முன்னால் கேட்பது?

ஒரே கேள்விதான் கேட்கிறேன். டாக்டர் மழுப்புகிறார். நீ தினமும் எண்ணுகிறவள். இது அந்தப் பதினெட்டு நாளால் வந்ததா, இல்லையா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுது. வேறெதுவும் எழுதாதே.

குமுதா


பினாங்கு
25.6.2025

அக்கா,

நீ கேட்ட ஒரு வார்த்தை என்னிடம் இல்லை.

இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுதிவிட்டால் உனக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். ஆனால் எனக்குத் தெரியாது. அறுப்பதற்கு முன்பே நாலைந்து செல்கள் எலும்புக்குப் போய் ஒளிந்திருக்கலாம். உன் நெறிக்கட்டியில் ஏற்கனவே இருந்தது. திருவிழா மாத்திரையைத் தொடாமலே இருந்திருந்தாலும் இதே ஜூனில் இதே படம் வந்திருக்கலாம். டாக்டர் மழுப்பவில்லை, அவருக்கும் தெரியாது. பதினெட்டு நாள் சாப்பிட்ட குமுதாவையும் சாப்பிடாத குமுதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. கிண்ணத்தில் முடியும். ஒன்றில் மருந்து கலந்து, ஒன்றில் கலக்காமல் விட்டு, இரண்டையும் எண்ணலாம். பத்து வருஷமாக எண்ணுகிறேன். உனக்கு ஒரு பதில் சொல்ல அது உதவவில்லை.

ஆமா என்றும் என்னால் எழுத முடியவில்லை. எழுதினால் நான் உயிரோடு இருப்பது கஷ்டம். அதற்காக எழுதவில்லை என்று நினைக்காதே. உண்மையிலேயே தெரியாது.

நான் அழுத்தி அடித்தது எனக்குத் தெரியும். தாளின் பின்பக்கம் கிழிந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்து அடித்தேன். அதற்கு என்ன சொல்லி உன் முன்னால் நிற்பது?

வேலையில் லீவு கேட்டிருக்கிறேன். நீ வரச்சொன்னால் வருகிறேன். வேண்டாமென்றால் ரிங்லெட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இருக்கிறேன், எப்போது கூப்பிட்டாலும் வர வசதியாக.

உமா


ரிங்லெட்
6.7.2025

உமா,

இதை வேலாயி அக்காவின் வீட்டுத் தின்பண்ட மேசையில் வைத்து எழுதுகிறேன். உட்காரும்படி இருக்கும் நாற்காலி அவள் வீட்டில்தான் இருக்கிறது. எழுத்து கோணினால் வலி என்று புரிந்துகொள்.

தெரியாது என்று எழுதினாய். இரண்டு நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள், பரவாயில்லை, இந்தத் தடவை அடிக்காமல் அனுப்பியிருக்கிறாள் என்று தோன்றியது.

நானும் ஒன்றை அடித்துத்தான் அனுப்பினேன். திருவிழாக் கடிதத்தில். இப்போது சொல்கிறேன், உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது.

பாதி வழியில், தேயிலை ஆலை வளைவு தாண்டியதும், அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. பதினெட்டு நாள் மாத்திரை சாப்பிட்டும் வந்துவிட்டது. தொடை வழியாக இறங்குவது தெரிகிறது. தலையில் அம்மன் குடம். பின்னால் முப்பது பெண்கள். குடத்தை இறக்கிவைத்தால் என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இறக்காவிட்டால் அம்மனுக்குத் தெரியும். என்ன செய்வேன்? நடந்தேன். அப்போதுதான் அந்த மழை. நனைந்த சேலையில் எது மழை எது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. வேகமாக நடக்கிறேன் என்று சாமிநாதன் அதட்டினார்.

பயந்துகொண்டேதான் கருவறை வாசலுக்குப் போனேன். குடம் சாயும், விளக்கு அணையும், நான் விழுவேன் என்றெல்லாம் நினைத்தேன். பூசாரி குடத்தை வாங்கினார். என் பாலைத்தான் முதலில் ஊற்றினார். அம்மன் முகத்தில் வழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை உமா. எல்லார் பாலையும்போலத்தான் என்னுடையதையும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பதினெட்டு நாளும் தேவையே இருக்கவில்லை. பதினெட்டு வருஷமும் தேவையே இருக்கவில்லை. ராத்திரி வலியைவிட இதுதான் என்னைத் தின்கிறது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உன்மேல் பட்டுப் பார்த்தேன், தீரவில்லை.

ரூபனுக்கு இன்னும் சொல்லவில்லை. நவம்பர் பரீட்சைவரை என்னால் நிற்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன், அவரும் தெரியாது என்றார். எல்லாருக்கும் இப்போது ஒரே பதில்தான்.

லயத்தில் ஆறு பெண்களுக்கு நான்தான் அந்த மாத்திரையைப் பழக்கினேன், நீ எனக்குப் பழக்கினதுபோல. நெஞ்சில் கட்டி இருக்கிறதா என்று ஒவ்வொருத்தியாகத் தடவிப் பார்த்துக்கொள்ளச் சொல்லவேண்டும். அதை நீ வந்து சொல்லு. நான் சொன்னால் நோய்க்காரி புலம்புகிறாள் என்பார்கள்.

ரிங்லெட்டில் அறையெல்லாம் எடுக்காதே, பைத்தியம். சனிக்கிழமை தானா ராத்தா பஸ் ஸ்டேஷனுக்கு உன் அத்தான் லாரியோடு வருவார். வருஷா வருஷம் ஏதாவது பெட்டியோடு வருகிறவள் நீ. இந்தத் தடவை எதுவும் வேண்டாம். வெறும் கையோடு வந்து, எனக்கு முதுகைத் தேய்த்துவிடு.

குமுதா